ஸ்ட்ரோபெரி டீ பெக்கட்ல ஸ்ட்ரோபெரி எங்க?

ஹட்டன்ல இருந்து நுவரெலியா போற ரோட்டுல, டூரிஸ்ட் வேன் எல்லாம் நிப்பாட்டுற ஒரு டீ கடை, பேரு வேணாம். அங்க வாங்குன ஸ்ட்ரோபெரி டீ பேக் பத்தித்தான் இது. பெட்டி செம்ம அழகு, முன்னுக்கு சிவப்பா பழம் ரெண்டு, பக்கத்துல கொழுந்து, மேல இலங்கை டீ போர்டோட சிங்க முத்திரை. ஆனா அந்த சிங்கம் சொல்றது உள்ள இருக்கிற தேயிலை முழுக்க இலங்கைத் தேயிலை, இங்கயே பெக் பண்ணதுன்னு மட்டுந்தான், வாசத்துக்கு அது பொறுப்பில்ல, நெறைய பேர் ரெண்டையும் ஒண்ணாக்கிக் குழப்பிக்கிறாங்க.

பின்னால திருப்பிப் பாத்தா சேர்மானம்னு பொடி எழுத்துல ரெண்டே ரெண்டு: பிளாக் டீ, ஃப்ளேவர். அவ்ளோதான். இயற்கையா, ஆர்ட்டிஃபிஷலா, ஒண்ணும் இல்ல. லேபல்ல எடை கூடினது முதல்ல, குறைஞ்சது கடைசில வரணும், அந்த வரிசைல ஸ்ட்ரோபெரி கடைசில கூட இல்ல, நுவரெலியால தோட்டத்துலயே பழம் பறிச்சு விக்கிறாங்க, அந்த ரோட்டுலயே போற டீயில ஒரு துண்டு கூட இல்ல பாருங்க.

ஒரு பேக்க பச்சத் தண்ணில போட்டுப் பாத்தேன், சாயம் எறங்குறதுக்கு முன்னாடியே பபிள்கம் வாசம் குப்புன்னு ஏறுது. கிழிச்சு வெள்ளத் தட்டுல கொட்டினா தூளுக்கு நடுவுல வெளிறின குருணை மாதிரி கொஞ்சம், மத்தபடி வெறும் தூள்தான். சுடுதண்ணில வாசம் மட்டும் பழம், வாயில வச்சா சாதா ப்ளேன்டீ, அடிநாக்குல லேசா ஒரு கசப்பு.

ஃப்ளேவர்னாலே விஷம்னு நான் சொல்ல வரல. வனிலா வாசம் தர்ற வனிலின 1874லயே ஜெர்மன்காரங்க லேப்ல செஞ்சிட்டாங்க, நாம திங்கிற ஐஸ்கிரீம், பிஸ்கட்ல பாதிக்கு மேல அந்த மாதிரிதான் இருக்கும். போடுறத போடுங்க, பழத்துப் படத்த போட்டு பழ வெலய வாங்காதீங்க, அதான் என் கோவமே.

கவுண்டர்ல இருந்த தங்கச்சிகிட்ட கேட்டேன், “நேச்சுரல் தாண்ணே”ன்னு சிரிச்சிச்சு, பாவம் அதுக்கென்ன தெரியும்.

அதே கடைல இஞ்சி டீ நல்லாருக்கு, லேபல்ல இஞ்சி எத்தன வீதம்னு போட்டிருக்கு, பேக்க கிழிச்சா நார் நாரா கண்ணுக்கும் தெரியுது. லூஸ்ல விக்கிற பி.ஓ.பி.எஃப்.ங்கிற சின்னத் தூள் ரகமும் வெலைக்கு ஏத்த சரக்கு. ஸ்ட்ரோபெரிக்கு 5க்கு 1, அதுவும் பெட்டிக்கு, பிள்ளைங்க பென்சில் போட எடுத்துக்கிச்சுங்க.