வேன் இசிஎம் குளோன் பண்ணிக் குடுத்த சர்வீஸ்: 4 மாசம் ஓட்டிப் பாத்துட்டு எழுதுறேன்

வேலைக்கு வேன் ஓட்டுறவங்களுக்குத்தான் இந்தக் கஷ்டம் தெரியும், வண்டி நின்னா அன்னைக்கு வேலையும் நின்னுச்சு. பின்னாடி ஏணி, ட்ரில்லு, பைப்பு எல்லாம் ஏத்திட்டு ரோட்டோரமா போனட்ட தூக்கிட்டு நிக்கிறது எனக்கு ரெண்டு மாசமா வாடிக்கையாவே போச்சு. கடைசியில இசிஎம், அதாவது இன்ஜின கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர் டப்பா, அத மாத்தினதுக்கு அப்புறம்தான் நிம்மதி. கழட்டி பார்சல்ல அனுப்பினா செக் பண்ணி, அதுல இருக்கிறத அப்படியே இன்னொண்ணுல காப்பி பண்ணி, அதாவது குளோன் போட்டுத் திருப்பி அனுப்புற சர்வீஸ் ஒண்ணுல குடுத்தேன், அவங்களப் பத்தித்தான் எழுதுறேன். மாட்டின அன்னைக்கே ரிவ்யூ போட மனசு வரல, அதான் 4 மாசம் ஓட்டிப் பாத்துட்டு வந்தேன்.

மொதல்ல என்ன கம்ப்ளைன்ட்னு சொல்லிடுறேன். டீசல், காமன் ரயில் இன்ஜின். காலைல ஒரே செல்ஃப்ல பிடிச்சுக்கும், 40 நிமிஷம் ஓடி நல்லா சூடானதும் டக்குனு ஆஃப் ஆயிடும். திணறாது, புகை வராது, யாரோ சாவியத் திருப்பி ஆஃப் பண்ண மாதிரி. அப்புறம் செல்ஃப் நல்லா சுத்தும் ஆனா ஸ்டார்ட் ஆகாது, 20 நிமிஷம் விட்டுட்டு அடிச்சா எதுவுமே நடக்காத மாதிரி ஓடும். மெக்கானிக் அண்ணன் இன்ஜின் சுத்துறத அளக்கிற கிராங்க் சென்சார மாத்தினாரு, அவர் மேல தப்பு சொல்ல மாட்டேன், சூட்டுல நிக்கிற வண்டின்னா எல்லாரும் மொதல்ல அதத்தான் சந்தேகப்படுவாங்க. சரியாகல. இசிஎம்முக்கு கரண்டு குடுக்கிற மெயின் ரிலேய மாத்தினோம், அப்பவும் அதே கதை.

அடுத்த தடவ நின்னப்ப நானே ஒண்ணு கவனிச்சேன். சாவியப் போட்டா டேஷ்போர்டுல செக் இன்ஜின் லைட் எரியணும் இல்லையா, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி? அது எரியவே இல்ல. மத்த லைட் எல்லாம் எரியுது. ஸ்கேனரப் போட்டா பிரேக்கோட ஏபிஎஸ் பேசுது, ஏர்பேக் பேசுது, இன்ஜின் மட்டும் பேச மாட்டேங்குது, மத்த மாட்யூல்ல (வண்டியில இருக்கிற மத்த கம்ப்யூட்டர்ல) எல்லாம் யூ0100னு கோடு விழுந்திருக்கு, அதாவது இசிஎம் கூட தொடர்பு போச்சுன்னு அர்த்தம். இது தெரிஞ்சதும் இசிஎம்தான்னு எனக்குத் தோணிடுச்சு, ஆனா அதுக்கு வர்ற கரண்டு நின்னாலும் இதே மாதிரிதான் காட்டும், அது எனக்கு அப்பத் தெரியாது.

ரெண்டு மூணு எடத்துக்கு போன் பண்ணேன். ஒரு எடத்துல எதுவுமே கேக்காம உடனே அனுப்புங்கன்னாங்க. இவங்க மட்டும் "சார், இப்பவே கழட்டாதீங்க, மொதல்ல நாலு அளவு எடுத்துச் சொல்லுங்க"ன்னாங்க. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவங்ககிட்ட குடுத்தேன், ஏன்னா வயரிங்ல பிரச்சனை இருந்து நாம இசிஎம்ம மாத்தினா காசும் போயி வண்டியும் அப்படியேதான் நிக்கும்.

அவங்க கேட்டது இதுதான். வண்டி நின்ன நேரத்துல இசிஎம் கனெக்டருக்கு பேட்டரி வோல்டேஜ் முழுசா வருதா. எர்த் நல்லா இருக்கா, அதையும் ஓம்ஸ்ல பாக்காதீங்க, ஒத்த இழை ஒட்டிட்டு இருந்தாலும் ஓம்ஸ் நல்லாத்தான் காட்டும், செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் இசிஎம் எர்த் பின்னுக்கும் நடுவுல வோல்டேஜ் பாருங்க, 0.2 வோல்ட்டுக்கு மேல போச்சுன்னா எர்த்த சரி பண்ணுங்கன்னாங்க. எனக்கு 0.05தான் வந்துச்சு. அடுத்து பேட்டரியக் கழட்டிட்டு, ஸ்கேனர் சொருகுற ஓபிடி சாக்கெட்ல 6ஆம் பின்னுக்கும் 14ஆம் பின்னுக்கும் ஓம்ஸ் பாக்கச் சொன்னாங்க, ரெண்டு முனையிலயும் 120 ஓம்ஸ் ரெசிஸ்டர் இருக்கும், சேத்துப் பாத்தா 60 காட்டணும். சரியா 60 காட்டுச்சு, அப்ப மாட்யூல் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிற கேன் வயர் நல்லா இருக்கு. கடைசியா சென்சாருக்குப் போற 5 வோல்ட். அது பூஜ்யம்! ஆனா அதையும் உடனே நம்ப விடல, ஒரு சென்சார் ஷார்ட் ஆனாக்கூட அந்த 5 வோல்ட மொத்தமா இழுத்து உக்கார வச்சிடும், அதனால ஒண்ணொண்ணா கழட்டிப் பாருங்கன்னாங்க. எல்லாத்தையும் கழட்டிட்டேன், அப்பவும் பூஜ்யம்.

அதோட விடல. வண்டி ஆறினதும் ஸ்டார்ட் பண்ணி நின்ன எடத்துலயே ஓட விட்டுக்கிட்டு, முடி காய வைக்கிற டிரையர இசிஎம் டப்பா மேல மட்டும் காட்டச் சொன்னாங்க. இன்ஜின் இன்னும் சரியா சூடே ஆகல, 10 நிமிஷத்துல பொசுக்குனு நின்னுச்சு. டப்பா மேல ஐஸ் பேக்க துணியில சுத்தி வச்சேன், கொஞ்ச நேரத்துல செக் இன்ஜின் லைட் பளிச்சுனு எரிஞ்சுது. ரெண்டு மாசமா கண்ணாமூச்சி காட்டினது கையில பிடிபட்டப்ப வந்த சந்தோஷம் இருக்கே, சொல்லி மாளாது.

சரி, புதுசே போட்டா என்னன்னு கேக்கலாம். போடலாம். ஆனா புதுசுல வண்டியோட விஐஎன் (சேஸிஸ் நம்பர்) ஏத்தணும், திருட்டுத் தடுப்பான இம்மொபிலைசரோட சாவிய மறுபடி சேக்கணும், டீசல் அடிக்கிற இன்ஜெக்டர் மேல ஒவ்வொண்ணுலயும் பொறிச்சிருக்கிற கோடு எல்லாத்தையும் ஏத்தணும், இதுக்கெல்லாம் சரியான டூல் இருக்கிற எடத்துக்கு வண்டிய டோ பண்ணிட்டுப் போகணும். பழைய இரும்புக் கடையில ஒண்ணு வாங்கி மாட்டலாம்னு நெனைக்காதீங்க, பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரைக்கும் ஒத்துப்போனாலும் அது வேற வண்டியோட இம்மொபிலைசர்ல பழகினது, ஸ்டார்ட்டே ஆக விடாது. குளோன்னா பழைய இசிஎம்ல இருக்கிற புரோகிராம், இம்மொபிலைசர் டேட்டா, இன்ஜெக்டர் கோடு எல்லாத்தையும் அப்படியே இன்னொண்ணுக்குள்ள மாத்திடுவாங்க, மாட்டி ஓட்ட வேண்டியதுதான். செலவும் புதுசுல பாதிகூட ஆகல.

அவங்க கைக்குப் போன மறுநாள் போட்டோ அனுப்பினாங்க. போர்டுல வோல்டேஜ் ரெகுலேட்டர் கால சுத்தி சால்டர்ல முடி மாதிரி ஒரு வட்டக் கோடு, பெருசாக்கிப் பாத்தாத்தான் தெரியுது. சூடானா விரிசல் விட்டுக்கும், ஆறினா ஒட்டிக்கும். அத மட்டும் சால்டர் வச்சுக் குடுத்திருந்தா நான் நன்றி சொல்லி வாங்கிட்டு வந்திருப்பேன். ஆனா ரெண்டாவது போட்டோல கனெக்டர் பின்னோட அடியில பச்ச பூத்திருந்துச்சு, தண்ணி உள்ள போயிருக்கு, இத சரி பண்ணிக் குடுத்தா எத்தன நாள் தாங்கும்னு எங்களால சொல்ல முடியாது சார், குளோனே போட்டுக்கோங்கன்னு நேர்மையா சொன்னாங்க. தண்ணி எங்கருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு அடைக்காம புதுச மாட்டக் கூடாதுன்னு கண்டிப்பாவே சொன்னாங்க. தேடினா முன் கண்ணாடிக்குக் கீழ இருக்கிற மழைத்தண்ணி வடிகால் பூரா இலை அடைச்சு, தண்ணி வழிஞ்சு வயர்க்கட்டு வழியா இறங்கியிருக்கு. இன்னொரு கேள்வியும் கேட்டாங்க, வண்டியில எங்கயாவது வெல்டிங் பண்ணீங்களான்னு. ஏணி வைக்க மேல கேரியர் வெல்டிங் வச்சப்ப பேட்டரியக் கழட்டலன்னு அப்பதான் ஞாபகம் வந்துச்சு, அந்தக் கரண்டு இசிஎம்ம பாதிக்கலாம், தயவு செஞ்சு நீங்க யாரும் பேட்டரியக் கழட்டாம வெல்டிங் மட்டும் பண்ணாதீங்க.

மாட்டுறது அரை மணி நேர வேலை. பேட்டரி நெகட்டிவக் கழட்டி கொஞ்ச நேரம் விட்டு, கனெக்டர் லாக்க நிமித்தி எடுத்து, வண்டிப் பக்கத்து கனெக்டர் பின்னுல பச்ச இருந்தத கான்டாக்ட் கிளீனர் அடிச்சு சுத்தம் பண்ணி, குளோன் பண்ணி வந்தத சொருகி லாக் பண்ணேன். சாவியப் போட்டேன், செக் இன்ஜின் லைட் எரிஞ்சுது, செல்ஃப் அடிச்சேன், உடனே பிடிச்சுது, லைட்டும் அணைஞ்சுது. மத்த மாட்யூல்ல இருந்த பழைய கோட மட்டும் ஸ்கேனர்ல அழிச்சோம்.

குறை இல்லாம இல்ல. 3 நாள்னு சொல்லி 6 நாள் ஆக்கினாங்க, லேட் ஆகும்னு ஒரு போன் பண்ணியிருந்தா நான் வேலைய ஒத்திப் போட்டிருப்பேன், நானா கூப்பிட்டப்பதான் சொன்னாங்க. வேலை வண்டிக்காரனுக்கு ஒரு நாள்ங்கிறது என்னன்னு அவங்களுக்குத் தெரியணும். தண்ணி போனதாலதான் இவ்வளவும், அப்படியிருந்தும் கனெக்டர சுத்தி வர்ற ரப்பர் சீல புதுசா வச்சு அனுப்பல, பழசு காஞ்சு கல்லு மாதிரி இருந்துச்சு, நானே தேடி வாங்கிப் போட்டேன். பழைய இசிஎம்ம கேட்டாத்தான் திருப்பித் தர்றாங்க. கண்டிப்பா கேட்டு வாங்கிக்கோங்க, உங்க வண்டியோட ஒரிஜினல் டேட்டா அதுலதான் இருக்கு.

இந்த 4 மாசத்துல ஒரு தடவகூட நிக்கல, நல்ல மழையிலயும் ஓட்டிட்டேன், லோடு ஏத்தி மேட்டுலயும் இழுத்துட்டேன். 5க்கு 4 குடுக்கிறேன், அந்த ஒண்ணு போன் பண்ணாததுக்கும் சீலுக்கும். அனுப்புறவங்க கழட்டுறதுக்கு முன்னாடி இசிஎம் ஸ்டிக்கர்ல இருக்கிற ஹார்டுவேர் நம்பர், சாஃப்ட்வேர் நம்பர் ரெண்டையும் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, நீங்க எடுத்த அளவு எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி டப்பாக்குள்ளயே வச்சு அனுப்புங்க, என்னோடத அத வச்சுத்தான் நேரா பவர் சப்ளை பக்கம் போயி பாத்தோம்னு சொன்னாங்க.