இலவசக் கண் முகாம்: மன்னார்குடிப் பக்கத்துச் சேவைச் சங்கத்தை நம்பிப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். பார்வைச் சோதனை, கண் அழுத்தம், பிரஷர், சர்க்கரை, கண்ணீர்ப் பாதையில் நீர் விட்டுப் பார்ப்பது என்று வரிசை தடையில்லாமல் நகர்கிறது. கண்புரை முற்றியவர்களை அன்றே பஸ்ஸில் மருத்துவமனைக்கு ஏற்றிப் போய், ஆபரேஷனில் லென்ஸ் வைத்து, ஊரிலேயே கொண்டுவந்து விடுகிறார்கள். சாப்பாடும் மருந்தும் அவர்கள் செலவு. திறப்பு விழாவில் சால்வை போர்த்துவதைக் கொஞ்சம் சுருக்கினால், பெஞ்சில் காத்திருக்கும் பெரியவர்களுக்குப் புண்ணியம்.

பலரைத் திருப்பி அனுப்பக் காரணம் சர்க்கரையும் பிரஷரும்தான். முகாம் என்றதும் காலை மாத்திரையை விட்டுவிட்டு வருகிறார்கள். வழக்கம்போல் சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு, பழைய மருந்துச் சீட்டு, ஆதார் நகல், மாற்றுத்துணியோடு வரவேண்டும். கண்ணீர்ப்பையில் சீழ் இருந்தால் முதலில் அதற்குத்தான் வைத்தியம். அதைக் கவனிக்காமல் ஆபரேஷன் செய்தால் கிருமி கண்ணுக்குள் இறங்கிவிடலாம்.

குறை, ஆபரேஷனுக்குப் பின்னால்தான். சொட்டு மருந்தை 4 முதல் 6 வாரம் படிப்படியாகக் குறைத்து விடவேண்டும். சீட்டில் எழுதியிருப்பதை வீட்டு ஆளுக்கு யாரும் விளக்குவதில்லை. கண் தெளிந்ததும் களத்தில் நெல் தூற்றப் போய்விடுகிறார்கள், வாய்க்கால் தண்ணீரில் முகம் கழுவுகிறார்கள். சிவப்பு, வலி, பார்வை மங்கல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். முகாமைச் சம்பா அறுவடை முடிந்து, பங்குனியில் வைத்தால் மறுபரிசோதனைக்கும் ஆள் வரும்.