மௌனியின் வீடா, ஜெயகாந்தனின் மாடியா, அசோகமித்திரனின் பூங்காவா?

ஒதுங்கி இருந்தால்தான் எழுத்து வரும் என்பது ஒரு கட்சி, ஊரோடு கலந்து கிடந்தால்தான் வரும் என்பது இன்னொரு கட்சி. பொதுவாகப் பேசினால் இந்தச் சண்டை ஓயவே ஓயாது. அதனால் மூன்று தமிழ் எழுத்தாளர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் மௌனி. 1936-ல் மணிக்கொடி இலக்கிய இதழில் எழுத ஆரம்பித்தார், 1985-ல் காலமானார், கதைகள் மொத்தமே 24 சொச்சம்தான். புதுமைப்பித்தன் அவரைச் சிறுகதையின் திருமூலர் என்றார். கும்பகோணம், அப்புறம் சிதம்பரம். சங்கீதம், தத்துவம், தேடி வரும் சில நண்பர்கள், அவ்வளவுதான் அவருடைய உலகம். அந்தக் கதைகளின் அடர்த்தி அந்தத் தனிமை இல்லாமல் வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கையில் கொஞ்சம் குடும்பச் சொத்து இல்லாதவருக்கு இந்த வழி கட்டுப்படியாகாது. இன்னொன்று, காத்திருக்க யாரும் இல்லாதபோது எழுதாமல் இருப்பதும் சுலபமாகிவிடுகிறது. வருடங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

ஜெயகாந்தன் இதற்கு நேர் எதிர். சிறு வயதிலேயே கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்துக்கு வந்து, தோழர்களின் பேச்சைக் கேட்டே வளர்ந்தவர். மேடை, கட்சி, சினிமா, பத்திரிகை, மாலையானால் நண்பர்கள் கூடும் சபை என எல்லாம் ஒரே சமயத்தில் நடந்துகொண்டிருந்த 1960-களில்தான் அவர் எழுதித் தள்ளினார். ரிக்‌ஷாக்காரரும் சேரிப் பெண்ணும் அவர் கதைகளில் அத்தனை உயிரோடு பேசுவது இந்தப் புழக்கத்தால்தான். பொதுவாழ்க்கை எழுத்தைக் கெடுக்கும் என்பவர்கள் இவரை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். ஆனால் பிற்காலத்தில் எழுத்து வெகுவாகக் குறைந்த பிறகும் வீட்டு மாடியில் கூடும் சபை மட்டும் நிற்கவில்லை. அதற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். வயது இருக்கிறது, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட நிறைவும் இருந்திருக்கலாம். ஆனாலும் மனதில் ஊறுவதை மாலையிலேயே நாலு பேரிடம் சொல்லிக் கைதட்டும் வாங்கிவிட்டால், மறுநாள் காலையில் அதையே எழுத உட்காரும் வேகம் குறையும். எழுதுகிற எல்லோருக்கும் இது தெரியும். இன்று யோசனை பாதி வளர்வதற்குள் ஃபேஸ்புக்கில் போட்டுவிடுகிறோமே, அதுவும் இதே கதைதான்.

(நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி இன்னொரு மாதிரி: ஜவுளிக்கடை, வீடு நிறைய விருந்தாளிகள், நடுவில் எழுதாமலே கழிந்த சில வருடங்கள். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

என் ஓட்டு அசோகமித்திரனுக்கு. ஜெமினி ஸ்டூடியோ வேலையை 1966-ல் விட்டவர், அதற்கப்புறம் பல வருடம் கணையாழி இலக்கிய இதழின் ஆசிரியர் பொறுப்பில் இருந்தவர். அதாவது ஊர் உலகத்தோடு நல்ல புழக்கம் உள்ளவர். தி.நகர் வீட்டில் இடம் போதாமல் பூங்காவில் போய் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். 200-க்கும் மேற்பட்ட சிறுகதைகள், நாவல்கள், கட்டுரைகள் என்று கடைசி வரை எழுதிக்கொண்டே இருந்தார். பூங்காவில் சுற்றிலும் ஆட்கள் இருப்பார்கள், ஆனால் நம்மிடம் எதையும் எதிர்பார்க்கும் ஆட்கள் இல்லை. நானும் இப்படி உட்கார்ந்து பார்க்கிறேன். நடைப்பயிற்சி போகும் ஒரு அம்மா ஃபோனில் “நகையை மட்டும் மீட்டுக் குடுத்துடு, வட்டியை நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிக்கொண்டே கடந்து போவார். அடுத்த சுற்றில் வரும்போது குரல் இறங்கியிருக்கும். பூட்டிய அறையில் இந்த வரி கிடைக்காது. இலக்கியக் கூட்டத்தில் நம்மைத் தெரிந்தவர்கள் நடுவே நின்றால் நம் குரலே நமக்குப் பெரிதாகக் கேட்டுக்கொண்டிருக்கும், அந்த அம்மாவின் குரல் காதில் விழவே விழாது.

அதனால் மனிதர்களை விட்டு ஓட வேண்டியதில்லை, எழுதி முடியும்வரை ரசிகர்களிடமிருந்து தள்ளி இருந்தால் போதும் என்பது என் கட்சி. ஒற்றைப் படுக்கையறை வீட்டில் டிவி சத்தத்துக்கு நடுவே இருப்பவருக்குச் சிதம்பரத்து அமைதி கிடைக்கப்போவதில்லை, மாவட்ட நூலகத்தின் ஜன்னலோர மேஜையோ ரயில் நிலையத்து பெஞ்சோ கிடைக்கும். ஃபோனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கூட்டங்களுக்கும் போங்கள், தாராளமாக, ஆனால் கையில் இருக்கும் கதையைப் பற்றி அங்கே வாய் திறக்காதீர்கள்.