ஸ்டென்டா, பைபாஸா? தழும்பை அளந்து முடிவெடுக்காதீர்கள்

இதய வார்டில் தாதியாக இருந்த காலம் முழுவதும் நம் குடும்பங்களிடமிருந்து முதலில் வந்த கேள்வி ஒன்றுதான்: "மிஸி, நெஞ்சைப் பிளக்காமல் முடிக்க வழி இல்லையா?" கேட்பதில் தப்பில்லை. மார்பெலும்பை நடுவே அறுத்துத் திறப்பார்கள் என்றால் யாருக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால், வரிசையில் கடைசியாக நிற்க வேண்டிய கேள்வி அது. இது அவசரமா, இல்லையா? அடைப்பு எந்தக் குழாயில், எந்த இடத்தில்? நீரிழிவு உண்டா? இதயம் எவ்வளவு பலமாக ரத்தத்தைத் தள்ளுகிறது? இவற்றுக்குப் பதில் கிடைத்த பிறகுதான் தழும்பு நீளமா, குட்டையா என்ற பேச்சு.

முதலில், தேர்வே இல்லாத நிலைமை. மாரடைப்பில் ரத்தக்குழாய் ஒன்று முழுவதுமாக அடைத்துக்கொண்டால் இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் சாகிறது. அப்போது பலூனை விட்டுக் குழாயைத் திறந்து, அது மூடாமல் தாங்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைப்பதுதான் வழி. மருத்துவமனை வாசலை மிதித்ததிலிருந்து 90 நிமிடத்துக்குள் குழாயைத் திறந்துவிட வேண்டும் என்பது பரவலாக வைத்திருக்கும் இலக்கு. நெஞ்சைத் திறந்து, அடைப்பைத் தாண்டிப் புதுக்குழாய் இணைக்கும் பைபாஸ் அறுவை இந்த நேரத்தில் அரிதாகவே பேச்சுக்கு வரும். இங்கே குடும்பத்தின் கையில் இருப்பது ஒன்றே ஒன்று, சிங்கப்பூரின் அவசர ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழைக்கும் நேரம். ஆம்புலன்சில் வரும் துணை மருத்துவர்கள் வழியிலேயே இசிஜி எடுத்துவிடுவார்கள். டாக்சி பிடித்து வருகிறவருக்கு அந்த வசதி கிடையாது. நீரிழிவு உள்ளவர்களுக்கு நெஞ்சு வலி தெளிவாக வராமலும் போகலாம். வெறும் மூச்சுத் திணறலும் வியர்வையும் மட்டும் இருக்கும். வாய்வுப் பிடிப்பு என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு விடியும்வரை காத்திருந்து வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அவசரம் இல்லாத அடைப்பில்தான் உண்மையான போட்டி. அதிலும் போட்டியாளர்கள் இருவர் அல்லர், மூவர். மூன்றாமவரான மாத்திரையை யாரும் கூப்பிட்டு உட்கார வைப்பதில்லை. நடந்தால் மட்டும் நெஞ்சு இறுகுகிறது, நின்றால் விட்டுவிடுகிறது, பல மாதமாக அப்படியேதான் இருக்கிறது என்ற நிலையான நோயில், கொழுப்பையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்தும் மாத்திரைகள் லேசுப்பட்டவை அல்ல. 37 நாடுகளில் 5,179 நோயாளிகளைச் சேர்த்து நடந்த 'இஸ்கீமியா' ஆய்வு 2020ல் வெளியானது. மாத்திரையோடு தொடங்கியவர்களையும், உடனே ஆஞ்சியோகிராம் (சாயம் செலுத்தி இதயக் குழாய்களைப் படமெடுக்கும் சோதனை) செய்து ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்துகொண்டவர்களையும் அது ஒப்பிட்டது. மரணத்திலும் மாரடைப்பிலும் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இல்லை. அடிக்கடி வலி வந்தவர்களுக்கு மட்டும் சிகிச்சைக்குப் பின் நிம்மதி கூடுதலாக இருந்தது. ஆனால் இதயத்தின் பெரும்பகுதிக்கு ரத்தம் தரும் இடது முதன்மைக் குழாயில் அடைப்பு உள்ளவர்களும் இதயம் மிகவும் பலவீனமானவர்களும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. "பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையிலேயே ஓட்டுகிறாரே" என்ற வாதம் இவர்களுக்குப் பொருந்தாது.

இனி ஸ்டென்ட்டையும் பைபாஸையும் நேருக்கு நேர் நிறுத்துவோம். பலூன் சிகிச்சையை முதன்முதலில் ஒரு நோயாளியின் இதயக் குழாயில் செய்தவர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக், 1977ல், சூரிச் நகரில். பலூன் விரித்த குழாய் மறுபடி சுருங்கிய தொல்லைக்குத் தீர்வாக 1986ல் ஸ்டென்ட் வந்தது, பிறகு மருந்து பூசிய ஸ்டென்ட் வந்தது. இப்போது பெரும்பாலும் மணிக்கட்டு வழியாகவே செய்கிறார்கள். நோயாளி விழித்திருப்பார். மணிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் பட்டையைக் காற்றடைத்துக் கட்டி, சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்குவோம். பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போய்விடுவார்கள். பைபாஸ் இதற்கு நேர் எதிர். ரெனே ஃபவலோரோ 1967ல் கிளீவ்லண்டில் காலிலிருந்து நரம்பை (சிரை என்னும் ரத்தக்குழாயைத்தான் அப்படிச் சொல்கிறோம்) எடுத்து மாற்றுவழி போட்ட நாளிலிருந்து அதன் அடிப்படை மாறவில்லை. மயக்க மருந்து, தீவிர சிகிச்சைப் பிரிவு, சிக்கல் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய ஒரு வாரம் மருத்துவமனை.

இவ்வளவோடு நிறுத்தினால் ஸ்டென்ட்தான் ஜெயித்ததாகத் தெரியும். ஆனால் வேறுபாடு காயத்தில் இல்லை. ஸ்டென்ட் வைத்த அந்த ஒரு சென்டிமீட்டரோ இரண்டு சென்டிமீட்டரோதான் சரியாகிறது. அதே குழாயில் அதற்கு மேலேயோ கீழேயோ நாளை இன்னொரு அடைப்பு வந்தால் மறுபடி கதையைத் தொடங்க வேண்டும். பைபாஸில் புதுக்குழாயை அடைப்பையெல்லாம் தாண்டி நல்ல பகுதியில் கொண்டுபோய் இணைக்கிறார்கள். அதற்கு முன்னால் இருக்கும் நீண்ட பகுதியில் இனி எத்தனை அடைப்பு வந்தாலும் தசைக்குப் பெரும்பாலும் ரத்தம் போய்க்கொண்டிருக்கும். நீரிழிவு உள்ளவர்களின் குழாய்கள் ஒரே இடத்தில் கெடுவதில்லை, நெடுக கெடுகின்றன. ஆகவே இந்த வேறுபாடு அவர்களுக்குத்தான் பெரிதாகக் கணக்கில் வருகிறது.

2012ல் வெளியான 'ஃப்ரீடம்' ஆய்வு இதைச் சோதித்தது. ஒன்றுக்கு மேற்பட்ட குழாய்களில் அடைப்புள்ள 1,900 நீரிழிவு நோயாளிகள். ஐந்து ஆண்டு முடிவில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஸ்டென்ட் பக்கம் 26.6 விழுக்காடு, பைபாஸ் பக்கம் 18.7. பக்கவாதத்தை மட்டும் தனியே எடுத்தால் கணக்கு திரும்பும்: பைபாஸில் 5.2, ஸ்டென்ட்டில் 2.4. பைபாஸுக்கு அந்த விலை உண்டு, அதை மறைத்துவிட்டு யாரையும் சம்மதிக்க வைக்கக் கூடாது. முன்பே பக்கவாதம் வந்தவர், கழுத்துக் குழாயில் அடைப்பு உள்ளவர் வீட்டில் இருந்தால் அறுவை மருத்துவரிடம் அதைக் கட்டாயம் எடுத்துச் சொல்லுங்கள்.

சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களான நம்மிடம் நீரிழிவு கூடுதல் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியிருக்க, பைபாஸ் அதிகம் பலன் தரக்கூடிய குடும்பங்களே அதைக் கண்டு அதிகம் ஓடுகின்றன என்பதுதான் என் மனக்குறை.

ஈசூனிலிருந்து வந்த ஒரு பெரியவர் நினைவுக்கு வருகிறார். நெடுநாள் நீரிழிவு, மூன்று குழாயிலும் அடைப்பு. மருத்துவர் திரையில் படத்தை ஓடவிட்டார். சாயம் இதயத்தின் முன்புறம் இறங்கும் பெரிய குழாயில் பாதி வழி வந்து நூலாகி, பிறகு மறுபடி விரிந்தது. அவர் மனைவி விரலை நீட்டி, "பெரியது இது ஒன்றுதானே டாக்டர், இதற்கு மட்டும் ஸ்டென்ட் வைத்துவிடுங்கள், மற்றதை மாத்திரையில் பார்த்துக்கொள்கிறோம்" என்றார். மார்க்கெட்டில் மீன் பேரம் பேசும் தொனியேதான். மருத்துவர் சிரிக்கவில்லை. ஒரு தாளைத் திருப்பிப் போட்டு மூன்று கோடு வரைந்து, ஒவ்வொன்றிலும் எத்தனை ஸ்டென்ட் வேண்டியிருக்கும் என்று புள்ளி வைத்துக்கொண்டே போனார். புள்ளிகள் கூடக் கூட அந்த அம்மாவின் குரல் தணிந்தது. அவர்கள் பைபாஸுக்கே போனார்கள்.

பைபாஸுக்குப் பிறகான நாட்களைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நெஞ்சைவிட, நரம்பு எடுத்த கால்தான் பலரை அதிகம் படுத்தும், வீங்கும், மரத்துப்போகும். இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்வோம். ஒரு பிளாஸ்டிக் கருவியில் மூச்சை இழுத்து மூன்று பந்துகளை உயர்த்த வேண்டும். பெரியவர்களுக்கு அது சிறுபிள்ளை விளையாட்டாகத் தெரியும், ஆனால் நுரையீரலில் சளி கட்டாமல் காப்பது அதுதான். மார்பெலும்பு நன்றாகச் சேர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை 5 கிலோ அரிசிப் பையைக்கூடத் தூக்கக் கூடாது. வயதான சிலருக்கு மனம் சோர்ந்து காரணமில்லாமல் அழுகை வரும்; அது பலவீனம் அல்ல, மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி.

பொருத்தும் குழாய்களிலும் தரம் உண்டு. மார்பின் உட்புறத்திலிருந்து எடுக்கும் தமனி பத்து ஆண்டு கழித்தும் பத்துக்கு ஒன்பது பேரிடம் திறந்திருக்கும். கால் நரம்புகளில் ஏறக்குறைய பாதி அதற்குள் அடைத்துவிடும். "எந்தக் குழாயை எதற்குப் போடப்போகிறீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

அதற்காக ஸ்டென்ட்டை ஏளனம் செய்யவில்லை. ஒன்றிரண்டு குழாய்களில் எளிய அடைப்பு, நீரிழிவு இல்லை என்றால் அதுவே போதும். அறுவையைத் தாங்காத முதிய உடம்புக்கும், நுரையீரல் மோசமானவருக்கும் அதுவே நல்லது. ஆனால் ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினோடு இன்னொரு ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையையும் சேர்த்துப் பல மாதம் விடாமல் எடுக்க வேண்டும். மாரடைப்புக்குப் பின் என்றால் வழக்கமாக ஓராண்டு. பல் பிடுங்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னார்கள், ஊருக்குப் போனபோது தீர்ந்துவிட்டது என்றெல்லாம் சொல்லிக்கொண்டு ஸ்டென்ட் அடைத்து வருகிறவர்கள் உண்டு. இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள்.

இதயத்துக்குள் ரத்தம் ஒரே திசையில் ஓடக் காக்கும் கதவுகளான வால்வுகளின் விஷயம் வேறு கணக்கு. பழுதைச் சரிசெய்ய முடிந்தால், குறிப்பாக இதயத்தின் இடப்புற அறைகளுக்கு நடுவே இருக்கும் மைட்ரல் வால்வில், மாற்றுவதைவிடச் சரிசெய்வதே மேல். சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு குறுகியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களிடையே இன்னும் இருக்கிறார்கள். வால்வு ஏற்ற நிலையில் இருந்தால் பலூன் விட்டே விரிக்கலாம். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் செயற்கை வால்வா, திசு வால்வா என்பது கேள்வி. செயற்கை வால்வு நெடுங்காலம் உழைக்கும், ஆனால் வாழ்நாள் முழுதும் ரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை வேண்டும். ரத்தத்தின் உறைதலை அடிக்கடி சோதிக்க வேண்டும். முருங்கைக்கீரையை ஒரு வாரம் அள்ளித் தின்றுவிட்டு மறுவாரம் தொடாமல் இருந்தால் அளவு தடுமாறும். கீரை வேண்டாம் என்பதில்லை, ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். நாட்டு மருந்து எதையும் கேட்காமல் சேர்க்கக் கூடாது. பிள்ளை பெற நினைக்கும் பெண்ணுக்கு வார்ஃபரின் கருவைப் பாதிக்கும் என்பதால் முடிவு இன்னும் கடினமாகிறது. திசு வால்வுக்கு அந்த மாத்திரை பெரும்பாலும் நெடுநாள் தேவையில்லை, ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டில் தேயும். ஆகவே ஐம்பது வயதுக்குக் கீழே செயற்கை, 65க்கு மேல் திசு என்பது பொதுவான போக்கு. திசு மாட்டினுடையதாகவோ பன்றியினுடையதாகவோ இருக்கும். இந்துக் குடும்பத்துக்கு ஒன்றும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துக்கு மற்றதும் சங்கடமாகலாம். வெட்கப்படாமல் முன்பே சொல்லிவிடுங்கள்.

பெருந்தமனி வால்வு குறுகிய முதியவர்களுக்குத் தொடை வழியாகவே புது வால்வை ஏற்றும் டாவி முறை உண்டு. அலெய்ன் கிரிபியே 2002ல் பிரான்சில் முதன்முதலில் செய்தார். அறுவைக்குத் தகுதியற்றவர்களுக்கென்று தொடங்கியது, 2019ல் வந்த ஆய்வுகளுக்குப் பின் ஆபத்துக் குறைந்த முதியவர்களுக்கும் விரிந்தது. 80 வயதுப் பாட்டிக்கு நெஞ்சைத் திறப்பதற்கு முன் இதைக் கேட்காமல் விடக் கூடாது. நாற்பது வயதுக்காரருக்கு இதைக் கேட்டு அடம்பிடிப்பதும் சரியல்ல.

இதய மாற்று, எல்லாம் கைவிட்ட பின் வரும் வழி. மறுப்புத் தெரிவிக்காமல் இறந்தவரின் உறுப்பை எடுக்க அனுமதிக்கும் சிங்கப்பூரின் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தில், 2004ல் வந்த திருத்தத்தால் இதயமும் சேர்ந்திருக்கிறது.

பணத்தைப் பொறுத்தவரை, குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதிக்குள் தாமாகவே வந்துவிடுகிறார்கள். மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கு உண்டு, பி2, சி வகுப்பு வார்டுகளில் மானியம் உண்டு. மருத்துவச் சமூக ஊழியரைப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்கு 2023 ஜூலை 1 முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி மருத்துவக் காப்புறுதியை முதலாளி எடுத்துத் தர வேண்டும். "சென்னைக்கே போய்ச் செய்துகொள்ளலாமே" என்பவர்களுக்கு: அங்கே திறமையான மருத்துவர்கள் உண்டு, சந்தேகமே இல்லை. ஆனால் மெடிசேவ் பணம் அங்கே உதவாது, மூன்றாம் வாரம் காயம் கசிந்தால் பார்க்க வேண்டியவர் கடலுக்கு அப்பால் இருப்பார்.

அவசரமில்லாத ஆஞ்சியோகிராமுக்குப் படிவத்தில் கையெழுத்திடும்போது ஒன்றைத் தெளிவாகக் கேளுங்கள். பல இடங்களில் படிவமே "தேவைப்பட்டால் உடனே ஸ்டென்ட்" என்பதையும் சேர்த்திருக்கும். மூன்று குழாயிலோ இடது முதன்மைக் குழாயிலோ அடைப்பு தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் சேர்ந்து படத்தைப் பார்த்த பிறகு முடிவு சொல்லும்படி கேட்கலாம். மேசையில் படுத்த பிறகு, தூக்க ஊசி போட்டு வாய் குழறும்போது, இதைச் சொல்ல முடியாது.