செல்ஃப் ஸ்டோரேஜ் முதலீடு: '90 சதவீதம் நிரம்பிவிட்டது' என்று சொன்னால் நம்பாதீர்கள்

பெருநகரில் செல்ஃப் ஸ்டோரேஜ் (சாமான்களைப் பூட்டி வைக்க அறை அறையாக வாடகைக்கு விடும் இடம்) கட்டிடம், அதில் சில அறைகளை உங்கள் பெயருக்கே எழுதித் தருகிறோம், முதல் 2 வருடம் வாடகைக்கு உத்தரவாதம் என்று யாராவது வந்து பேசினால், கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள். எனக்கும் இப்படித்தான் விற்றார்கள்.

அவர்கள் காட்டிய தாளில் 90 சதவீத அறைகள் நிரம்பியிருந்தன. நேரில் போனபோதும் கதவுக்குக் கதவு பூட்டுத் தொங்கியது. அதுவரை உண்மைதான். ஆனால் பூட்டிய அறைகளில் பல, 'முதல் மாதம் இலவசம்' சலுகையில் வந்தவை. இன்னும் சில, வாடகை பாக்கியோடு ஆளே எட்டிப் பார்க்காதவை. மீதியில் கொஞ்சம், கம்பெனியே தன் பழைய மேசை நாற்காலிகளைப் போட்டுப் பூட்டி வைத்தது! (இதை எனக்குச் சொன்னவர் அங்கிருந்த காவலாளி.) எத்தனை அறை நிரம்பியிருக்கிறது என்பது ஒரு கணக்கு. எல்லா அறையும் முழு வாடகைக்குப் போனால் வரவேண்டிய தொகையில் எத்தனை சதவீதம் நிஜமாக வசூலாகிறது என்பது வேறு கணக்கு. இரண்டாவதைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

உத்தரவாத வாடகை மாதாமாதம் ஒழுங்காக வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. கெடு முடிந்ததும் நிர்வாகக் கட்டணம், காப்பீடு, சொத்து வரி, ஏசிக்கு மின்கட்டணம் என்று வரிசையாகக் கழித்தார்கள். சில மாதங்களில் நான்தான் பணம் கட்ட வேண்டியிருந்தது. அப்புறம் தனியாக ஒரு மதிப்பீட்டாளரைப் பிடித்துக் கேட்டேன். நான் கொடுத்த விலையில் பாதிகூட அந்த அறைகளுக்குத் தேறாது என்றார். அதாவது, எனக்கு 'வாடகை' என்று வந்தது, அறையின் விலையை ஏற்றி என்னிடமே வாங்கிய என் பணமேதான்.

நகரம் பெரியது, ஆள் வருவார்கள் என்ற பேச்சும் எடுபடாது. சாமான் வைப்பவர்கள் வீட்டுக்குச் சில கிலோமீட்டருக்குள்தான் இடம் தேடுவார்கள். பெரும்பாலும் மாத ஒப்பந்தம் என்பதால், பக்கத்தில் புதுக் கட்டிடம் வந்து வாடகையைக் குறைத்தால் கிளம்பிவிடலாம். விற்கலாம் என்றால், தனி அறையை வாங்க ஆளும் இல்லை, அதற்குக் கடன் தர வங்கியும் முன்வரவில்லை.

இது புது வித்தையும் அல்ல. பிரிட்டனில் இதே பாணியில் ஸ்டோரேஜ் அறைகளை விற்ற ஒரு நிறுவனத்தை 2019-ல் நீதிமன்றம் பொதுநலன் கருதிக் கலைத்தது. அதில் பலருடைய பென்ஷன் சேமிப்பு போயிருந்தது.

அறைவாரியாக யார் எப்போது வந்தார், என்ன வாடகை, எவ்வளவு பாக்கி என்ற பட்டியலையும், அதோடு ஒத்துப்போகும் கடைசி 12 மாத வங்கிக் கணக்கையும் வாங்கிப் பாருங்கள். அந்தப் பட்டியலை வக்கீல் நோட்டீஸ் அனுப்பியும் எனக்குத் தரவில்லை. 'சந்தை நிலவரம்' என்று ஒரு வரி பதில் வந்தது. அதே ஆட்கள் இப்போது வேறு பெயரில், நகரின் இன்னொரு பகுதியில் அறைகள் விற்கிறார்கள்.