கிரியேட்டின் ரெண்டு வருஷத்துக்கு மேல எடுக்கிறன்: முதல் ஓட்டத்துல இல்ல, ஆறாவதுல தான் தெரியும்

கிரியேட்டின் எண்டது விளையாட்டுக்காரர் தண்ணியில கலக்கிக் குடிக்கிற ஒரு சப்ளிமென்ட் பவுடர். நான் எடுக்கிறது அதிண்ட சாதாரண வகை, வெறும் கிரியேட்டின் மோனோஹைட்ரேட், ஃப்ளேவர் ஒண்டும் இல்லாதது. வெள்ளவத்தைப் பக்கம் ஃபுட்சல் விளையாடுறன், இடைக்கிடை சுகததாச ட்ராக்ல 100, 200 மீட்டருக்கு ட்ரெய்னிங் போவன்.

குடிச்ச அடுத்த நாளே பறக்கலாம் எண்டு இருக்கிற ஆக்களுக்கு முதல்லயே சொல்லுறன், அப்பிடி ஒண்டும் நடக்காது. தனிய ஒரு 100 மீட்டர் ஓடி நேரம் பாத்தா எனக்குப் பெரிசா வித்தியாசம் இல்ல. ஆனா 30 மீட்டர் முழு வேகத்துல ஓடி, நடந்து திரும்பி வந்து, உடன அடுத்தது எண்டு கோச் போட்டு வாட்டேக்க, முந்தி அஞ்சாறு முடிய கால் கல்லாயிடும், இப்ப கடைசி ஓட்டமும் முதல் ஓட்டத்துக்கு கிட்டத்தான் நிக்குது. ஃபுட்சல்லயும் ரெண்டாவது பாதியில தான் இது விளங்குது.

காரணம் சிம்பிள். தசைக்கு உடனடிச் சக்தி குடுக்கிற சாமான் ஏடிபி. முழு வேகத்துல தசையில இருக்கிற ஏடிபி ரெண்டு மூண்டு செக்கன்ல முடியப் பாக்கும், அத உடனுக்குடன் திரும்ப உண்டாக்கிறது பொஸ்போகிரியேட்டின், அதாவது தசை சேமிச்சு வச்சிருக்கிற கிரியேட்டின், அதுவும் ஒரு பத்து செக்கன் மட்டில தான் தாங்கும், பிறகு ஓய்வுல திரும்ப நிரம்பும். பவுடர் எடுத்தா அந்த ஸ்டொக் கொஞ்சம் கூடுது, அவ்வளவு தான். காலிமுகத்திடல்ல ஆறுதலா ஜொக்கிங் போற ஆக்களுக்கு இதால பெரிய பிரயோசனம் இல்ல, தசை தண்ணி பிடிச்சு நிறை ஒரு கிலோ கூடுறது தான் மிச்சம்.

ஸ்டொக்கக் கெதியா நிரப்ப லோடிங் எண்டு ஒண்டு இருக்கு, நாளுக்கு 20 கிராம் நாலாப் பிரிச்சு 5 - 7 நாள். கோச் அண்ணா சொன்னது, "மீட் (போட்டி) கிட்டத்துல இருந்தா செய் தம்பி, இல்லாட்டி ஏன் சும்மா வயித்தப் பழுதாக்கிற". அதால நாளுக்கு 3 - 5 கிராம் மட்டும் தான், ஒரு மாசத்துல அதே அளவுக்கு நிரம்பிடும்.

எங்கட வீடு சைவம். கிரியேட்டின் இருக்கிறது இறைச்சி மீன்ல, மரக்கறியில இல்ல எண்டே சொல்லலாம், உடம்பு தானா நாளுக்கு ஒரு கிராம் மாதிரித்தான் செய்யும். அதால சைவக்காரருக்கு தசையில ஸ்டொக் குறைவு, எடுத்தா ஏறுறதும் கூட. கொம்பனித்தெரு ஃப்ரெண்ட் ஒருத்தன், பீஃப் இல்லாம சோறு இறங்காது, அவன் கொஞ்ச மாசம் எடுத்திட்டு "மச்சான் எனக்கு ஒண்டும் விளங்கேல்ல" எண்டு விட்டுட்டான். அவன் சொல்லுறதும் பொய் இல்ல, ஏற்கனவே நிறைஞ்ச டாங்க்ல எவ்வளவு தான் ஊத்திறது.

அம்மா டின்னைக் கண்டிட்டு "ஸ்டெரொய்டோ இது?" எண்டு கேட்டா. ஸ்டெரொய்ட் இல்ல, வாடா எண்ட உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பிண்ட தடை லிஸ்ட்லயும் இல்ல. அவ கொஞ்சம் சமாதானமாகேக்க ஒஃபிஸ் மெடிக்கல் ரிப்போர்ட்ல, கிட்னியப் பாக்க அளக்கிற கிரியேட்டினின் கூட எண்டு வந்திட்டுது, வீடே கிட்னி போச்சு எண்டு அழாத குறை. டொக்டரிட்ட பவுடர் விஷயத்தச் சொன்னன். கிரியேட்டின் உடைஞ்சா வாறதே கிரியேட்டினின் தானே, அதால கிட்னி நல்லா இருந்தாலும் நம்பர் ஏறலாம் எண்டு சொல்லி கிட்னிய வேற வழியால பாக்கிற சிஸ்டாட்டின் சி டெஸ்ட் எழுதித் தந்தார், அது நோர்மல். நீங்களும் ப்ளட் டெஸ்டுக்கு முன்னம் டொக்டரிட்ட சொல்லுங்கோ, ஏற்கனவே கிட்னி வருத்தம் இருக்கிற ஆக்கள் கேக்காமத் தொடவே வேண்டாம்.

முடி கொட்டுமாம் எண்ட கதை 2009ல தென்னாபிரிக்க ரக்பி பெடியங்களில செய்த ஒரு ஆய்வால வந்தது, அதில முடி கொட்டுறதோட சம்பந்தப்பட்ட டிஎச்டி ஹோர்மோன் கூடினத பாத்தவை, முடிய ஆரும் அளக்கேல்ல. என்ட நெத்தி பெருக்கிறது அப்பாட பக்கத்துச் சொத்து, பவுடர்ல பழி போடேலாது.

வாங்கேக்க, நிறுத்துப் பொலித்தீன் பையில தாற சாமான் வேண்டாம். மீட் ஓடுற ஆக்கள், தடை செய்த சாமான் கலந்திருக்கோ எண்டு டெஸ்ட் பண்ணிக் குடுக்கிற இன்ஃபோர்ம்ட் ஸ்போர்ட் சீல் இருக்கிறதாப் பாருங்கோ, ஏதும் கலந்திருந்தா மாட்டுறது நீங்கள் தான். கிரியேட்டின் எச்சிஎல் எண்டு இன்னொரு வகையக் கூட விலைக்கு விக்கிறதும் இருக்கு, மோனோஹைட்ரேட்ட விட நல்லது எண்டு ஒருத்தரும் நிரூபிக்கேல்ல. மழைக்காலத்துல பவுடர் கட்டிபடும், அதுக்காக எறிய வேண்டாம், காஞ்ச கரண்டி போடுங்கோ, இளஞ்சூட்டுத் தண்ணியில நல்லாக் கரையும்.