லோகோவுக்குப் பூட்டு எங்கே போடுவது?

கட்டற்ற மென்பொருளின் நிரலை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். கூடவே வரும் லோகோவை? மூன்று திட்டங்கள் மூன்று விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன.

முதலில் ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லா. ஃபயர்பாக்ஸின் நிரல் கட்டற்றது. உருண்டையைச் சுற்றிக்கொண்டிருக்கும் நரிப் படத்தின் பதிப்புரிமை அன்று அப்படியில்லை. அதனால், கட்டற்ற மென்பொருள்களைத் தொகுத்து லினக்ஸ் இயங்குதளமாகத் தரும் டெபியன் திட்டம், அந்த உலாவியிலிருந்து படத்தை எடுத்துவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டது. 2006இல் மொசில்லா மறுத்தது: பெயர் வேண்டுமென்றால் படமும் இருக்க வேண்டும், நீங்கள் போடும் பேட்ச்களுக்கு (நிரல் திருத்தங்களுக்கு) எங்கள் ஒப்புதலும் வேண்டும். பழைய வெளியீட்டிலேயே நின்று பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் சேர்க்கும் டெபியனுக்கு இது எப்படி ஒத்துவரும்? டெபியனில் உலாவியின் பெயர் ஐஸ்வீசல் ஆயிற்று. கெட்ட நிரலைச் சேர்த்து யாராவது ஃபயர்பாக்ஸ் என்று பரப்பினால் பழி மொசில்லாவுக்குத்தானே. அந்தக் கவலை நியாயம். ஆனால் அதற்கு, பெயரையும் சின்னத்தையும் காட்டி ஏமாற்றுவதைத் தடுக்கும் வணிகக்குறிச் சட்டமே போதும். படத்தின் பதிப்புரிமையையும் சேர்த்துப் பூட்டியதுதான் தவறு.

லினக்ஸ் இயங்குதளம் தரும் ரெட் ஹாட் நிறுவனத்தின் வழி எளியது. லோகோக்கள் தனிப் பொதியில் (நிறுவுவதற்கான கோப்புத் தொகுப்பில்) இருக்கும். ரெட் ஹாட்டின் நிரலிலிருந்து உருவான சென்ட்ஓஎஸ் அதைக் கழற்றித் தன்னுடையதை மாட்டிக்கொண்டது. ரெட் ஹாட் ஆதரிக்கும் ஃபெடோரா ஒரு படி மேலே போய், மாற்றாக வைக்கப் பொதுவான லோகோப் பொதியையும் தருகிறது. எதை நீக்க வேண்டும் என்று தேடித் திண்டாட வேண்டியதில்லை.

எனக்குப் பிடித்தது டெபியனின் வழி, அவர்களும் தாமதமாகத்தான் அங்கே வந்தார்கள் என்றாலும். அவர்களுக்கு இரண்டு லோகோக்கள்: குப்பியிலிருந்து சுழல் எழும்புவது அதிகாரப்பூர்வப் பயன்பாட்டுக்கு, வெறும் சிவப்புச் சுழல் எல்லோருக்கும். அந்தச் சுழலின் உரிமம்கூட, எது கட்டற்றது என்று வரையறுக்கும் டெபியனின் சொந்த நெறிகளுக்கே நெடுங்காலம் பொருந்தவில்லை. 2012இல் அதை எல்ஜிபிஎல், கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற கட்டற்ற உரிமங்களில் விட்டார்கள்; 2013இல் வணிகக்குறிக் கொள்கையைத் தனியாக வெளியிட்டார்கள். சுழலை நீங்கள் வரையலாம், வளைக்கலாம், நிறம் மாற்றலாம். வேறொன்றை டெபியன் என்று நம்பவைக்க மட்டும் முடியாது. மாற்றியவர் வேறு பெயர் வைக்க வேண்டும் என்று கேட்பதை டெபியன் நெறிகளின் 4ஆவது விதியே அனுமதிக்கிறது. கட்டற்ற மென்பொருள் உரிமமான ஜிபிஎல் 3உம் வணிகக்குறி உரிமையைத் தராமல் வைத்துக்கொள்ள இடம் தருகிறது.

2016இல் ஃபயர்பாக்ஸ் தன் பெயரிலேயே டெபியனுக்குத் திரும்பியது. அதற்குள் நரிப் படமும் கட்டற்ற பதிப்புரிமை உரிமத்துக்கு வந்திருந்தது. வணிகக்குறி இன்றும் மொசில்லாவிடமே இருக்கிறது.